உடலே அளவுகோல்: சிற்பியின் தாளமும் காத்திபின் அலிஃபும்



கஃபா அமைந்திருக்கும் இடம் பூமியின் ‘பொன் விகிதப் புள்ளி’ என்று கூறும் செய்தியொன்று பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் வலம் வந்துகொண்டிருக்கிறது. மக்காவிலிருந்து தென் துருவத்துக்குள்ள தொலைவை வட துருவத்துக்குள்ள தொலைவால் வகுத்தால் 1.618 என்ற எண் கிடைக்குமாம். மனித உடலிலும் சிப்பியிலும் பூவிதழிலும் அதே எண் ஒளிந்திருக்கிறதாம். ஆகவே அது படைத்தவனின் முத்திரையாம். இதே எண்ணைக் கோயில் கோபுரங்களிலும் சிலைகளிலும் கண்டதாகக் கூறும் செய்திகளும் உண்டு. மத்ரஸா மாணவர்கள் இவற்றை ஆர்வத்தோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள். “உஸ்தாத், இது உண்மைதானா?” என்று அவர்கள் கேட்பது நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல நாம் கணக்கையும் பார்க்க வேண்டும். வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. கஃபா இருப்பது வட அட்சரேகை 21.42 பாகையில். அங்கிருந்து வட துருவம் 68.58 பாகை; தென் துருவம் 111.42 பாகை. இரண்டையும் வகுத்தால் கிடைப்பது 1.625 அளவிலான எண், 1.618 அன்று. இந்தக் கணக்கில் சரியாகப் பொன் விகிதம் அமையும் அட்சரேகை ஏறத்தாழ 21.25 பாகை. அது கஃபாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. மேலும் அது ஒரு புள்ளியன்று. பூமியைச் சுற்றிவரும் ஒரு முழு வட்டம். நம் நாட்டின் ராய்ப்பூர் நகரம் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் கோடு சில கிலோமீட்டர் நகரும். அப்போதும் கஃபாவில் வந்து நிற்பதில்லை.

கஃபாவின் கண்ணியத்துக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. அது கிப்லாவாக இருப்பது அல்லாஹ்வின் கட்டளையால்; பின்னப் புள்ளிகளால் அன்று. ஆனால் ஒரு பொய்க் கணக்கின் மீது ஈமானை நிறுத்தப் பழகிய பிள்ளை, அந்தக் கணக்கு தவறு என்று கல்லூரியில் யாரோ காட்டும் நாளில் எதைப் பற்றிக்கொள்வான்? அந்தக் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம். அளவுக்கும் அழகுக்கும் இறைநம்பிக்கைக்கும் உண்மையான ஓர் உறவு இருக்கிறது. அதை முன்னோர் கைகளால் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு மறைந்திருக்கும் எண் எதுவும் தேவைப்படவில்லை.

பொன் விகிதத்தின் உண்மை வரலாறு

ஒரு கோட்டை இரண்டாகப் பிரிக்கும்போது முழுமைக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே, பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் அமையும்படி பிரிப்பதை யூக்ளிட் கி.மு. 300 அளவிலேயே விளக்கியிருக்கிறார். ஐங்கோணம் வரைய அது தேவைப்பட்டது. முஸ்லிம் கணித அறிஞர் அபூ காமில், ஐங்கோணம், பதின்கோணம் ஆகியவற்றின் கணக்குகளை அல்ஜீப்ராவால் தீர்த்தார். 1509-இல் இத்தாலியத் துறவி லூக்கா பச்சோலி இந்த விகிதத்தைத் ‘தெய்வீக விகிதம்’ என்று அழைத்து ஒரு நூலை அச்சிட்டார். அதன் திண்ம வடிவங்களை வரைந்தவர் லியோனார்டோ டா வின்சி. மனித உடல் முழுவதும் இந்த விகிதத்தில்தான் அமைந்திருக்கிறது என்ற கொள்கையைப் பரப்பியவர் அடால்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர். அவருடைய நூல் வெளிவந்தது 1854-இல்.

அதாவது, ‘பழங்கால ஞானம்’ என்று இன்று நமக்கு அனுப்பப்படும் இச்செய்தியின் வயது இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்னிருந்த கலைஞர்கள் மனித உடலை எவ்வாறு அளந்தார்கள்? அதை அறிய நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்துச் சிற்பியின் தாளம்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் இடையே கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் தீவில் ஸ்ரீரங்கம். 1836-இல் ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டத் தொடங்கியதே, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு நீர் என்ற அளவைக் காப்பதற்காகத்தான். அந்தத் தீவில் ஏழு மதில்களுக்குள் அமைந்த கோயிலையும், 1987-இல் நிறைவுபெற்ற ஏறத்தாழ 72 மீட்டர் உயர ராஜகோபுரத்தையும் அறியாதவர் இல்லை. அங்குள்ள சேஷராயர் மண்டபத்தின் தூண்களில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் அவற்றின் மீது வீரர்களும் கல்லில் நிற்கிறார்கள்.

உயிருள்ளவற்றின் உருவங்களைச் செதுக்குவதைப் பெரும்பான்மையான மார்க்கச் சட்ட அறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். வழிபாட்டில் உருவத்துக்கு நம்மிடம் இடமே இல்லை. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஓர் உருவத்தை வணங்குவது வேறு. அதைச் செய்தவரின் அளவு அறிவைத் தெரிந்துகொள்வது வேறு. இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே ஓர் அறிஞர் நடந்து காட்டியிருக்கிறார். கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி அரபியில் நூல் எழுதிய அல்பீரூனி (ரஹ்), இந்நாட்டுச் சிலைகளைப் பற்றிய அத்தியாயத்தில் வராகமிகிரரின் நூலிலிருந்து அளவுகளை எடுத்துப் பதிவு செய்திருக்கிறார். இராமரின் சிலைக்கு 120 அங்குல உயரம் என்ற விதியும் அதில் உண்டு. அவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவுமில்லை; பிறர் அறிவை மறைக்கவுமில்லை.

அந்த விதி நம் ஊர்ச் சிற்பிகளிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் அடிப்படை அலகுக்குத் ‘தாளம்’ என்று பெயர். தலைமுடியின் எல்லையிலிருந்து முகவாய் வரையுள்ள முகத்தின் நீளமே ஒரு தாளம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரையுள்ள கையின் நீளமும் அதுவே. வாசகர்கள் தங்கள் கையை முகத்தின் மீது வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ இது பொருந்துவதைக் காணலாம். தாளத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஓர் அங்குலம். அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் ஒரு யவம், அதாவது ஒரு வாற்கோதுமை மணி. முகமும் மூன்று சம பங்குகளாகப் பிரியும்: முடி எல்லையிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் நுனி, மூக்கிலிருந்து முகவாய்.

உருவத்துக்கேற்பத் தாளத்தின் எண்ணிக்கை மாறும். நவதாளம் என்றால் 9 முக நீளம், 108 அங்குலம். தசதாளத்தில் உத்தமம் 124, மத்திமம் 120, அதமம் 116 அங்குலம். பிள்ளையார் போன்ற குறுவடிவங்களுக்கு ஐந்து தாளமே. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: இவை அனைத்தும் முழு எண்கள். எங்கும் 1.618 இல்லை.

அதைவிட முக்கியமானது அந்த அங்குலம் எங்கிருந்து வருகிறது என்பது. சிற்ப மரபில் மூன்று வகை அங்குலங்கள் உண்டு. தானிய மணிகளை அடுக்கி எடுப்பது மானாங்குலம். செய்பவர் அல்லது செய்விப்பவரின் விரற்கணுவிலிருந்து எடுப்பது மாத்திராங்குலம். மூன்றாவதான தேகலப்தாங்குலத்துக்கு வெளியிலிருந்து எந்த அளவும் வருவதில்லை. செய்யவிருக்கும் உருவத்தின் மொத்த உயரத்தையே 124 அல்லது 120 பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை அங்குலமாகக் கொள்வார்கள். ஒரு சாண் உயரச் செப்புத் திருமேனிக்கும் ஆளுயரச் சிலைக்கும் தனித்தனி அங்குலம். சுவாமிமலையில் செம்பு வார்க்கும் ஸ்தபதிகள் இதற்குப் பயன்படுத்தும் கருவி மிக எளியது. தென்னங்கீற்றின் ஓலையொன்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, விதிப்படி மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டே முகம், மார்பு, தொடை என்று அளப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். ஓர் ஓலை ஓர் உருவத்துக்கு மட்டுமே உரியது.

ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவு அதற்குள்ளேயே இருக்கிறது; சிற்பி அதைக் கண்டெடுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறார். இதுதான் அந்தக் கலையின் இரகசியம்.

பஸராவில் பிறந்த குழந்தையின் சாண்

இப்போது பத்தாம் நூற்றாண்டில் இராக்கின் பஸரா நகருக்குச் செல்வோம். ‘இஃக்வானுஸ் ஸஃபா’ என்று தம்மை அழைத்துக்கொண்ட, பெயர் வெளியிடாத ஓர் அறிஞர் குழு அங்கே பல்துறை மடல்களின் தொகுப்பொன்றை எழுதியது. அவர்களுடைய கொள்கைகள் பலவற்றை மார்க்க அறிஞர்கள் மறுத்திருக்கிறார்கள், அது தனிப்பேச்சு. விகிதங்களைப் பற்றி அவர்கள் எழுதியது நமக்கு இங்கே பயன்படும்.

குறையின்றிப் பிறந்த குழந்தையின் உடலை, அந்தக் குழந்தையின் கையின் சாணாலேயே அளக்கச் சொல்கிறார்கள். அதன் உயரம் எட்டுச் சாண்: உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை இரண்டு, அங்கிருந்து இடுப்பு வரை இரண்டு, இடுப்பிலிருந்து இதயம் வரை இரண்டு, இதயத்திலிருந்து உச்சி வரை இரண்டு. கைகளை இருபுறமும் விரித்தால் அதுவும் எட்டுச் சாண். கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி, கவராயத்தின் முனையைத் தொப்புளில் ஊன்றிச் சுழற்றினால், விரல் நுனியும் கால் நுனியும் ஒரே வட்டத்தில் படும். அந்த நீளம் பத்துச் சாண்.

வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்கும் மனிதனை லியோனார்டோ வரைந்தது 1490 அளவில். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பஸராவில் இந்தக் கவராயம் சுழன்றுவிட்டது. லியோனார்டோவுக்கு வழிகாட்டிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியவர். முகத்தின் நீளம் உடலில் பத்தில் ஒரு பங்கு என்று அவர் எழுதியதும், நம் சிற்பியின் தசதாளமும் அருகருகே நிற்கின்றன. யார் யாரிடம் கற்றார் என்ற வழக்கை இங்கே தொடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் பார்த்தது ஒரே மனித உடலைத்தான்.

இதற்கு எளிய சான்று முழம். சிற்ப நூல்களில் ஒரு முழக்கோல் 24 அங்குலம். நம் சட்ட நூல்களில் ஒரு ‘திராஃ’ 24 விரற்கடை. விட்ருவியஸ் கூறும் முழமும் 24 விரல். சிற்ப நூலில் ஓர் அங்குலத்துக்கு எட்டு வாற்கோதுமை மணி. சட்ட நூலில் ஒரு விரற்கடைக்கு ஆறு. மணியை நீளவாட்டில் வைப்பதா, அகலவாட்டில் வைப்பதா என்பன போன்ற வேறுபாடுகள் இருக்கலாம். விரலும் கையும் முழங்கையும் எல்லா நாட்டிலும் ஒன்றே.

அலிஃபின் உயரம்

உருவத்தைத் தவிர்த்த நம் கலையில் இந்த உடலளவு எங்கே போயிற்று? எழுத்துக்குள் போயிற்று.

அப்பாஸியக் கலீஃபாக்களின் வஸீராக இருந்த இப்னு முக்லா (கி.பி. 886–940) சிறந்த காத்திபும் ஆவார். அவருக்கு முன் அழகாக எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் அழகுக்கு ஒரு கணக்கை வைத்தவர் அவர். நாணல் பேனாவின் முனையைத் தாளில் சாய்வாக ஊன்றி எடுத்தால் சாய்சதுரமான ஒரு புள்ளி விழும். அதுவே ‘நுக்தா’. நுக்தாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அலிஃபின் உயரத்தை நிர்ணயித்தார். எழுத்து முறைக்கேற்ப அது ஐந்து நுக்தாவாகவோ ஏழு நுக்தாவாகவோ அமையும். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், மற்ற எழுத்துகளின் வளைவுகள் அந்த வட்டத்தின் பகுதிகளாக அமையும். இதற்கு ‘அல்கத்துல் மன்ஸூப்’, அதாவது விகிதப்படுத்தப்பட்ட எழுத்து, என்று பெயர்.

சற்று நின்று யோசித்தால், இது ஒடியோலையின் கணக்கேதான். பேனாவின் அகலம் மாறினால் நுக்தா மாறும். நுக்தா மாறினால் அலிஃப் மாறும். அலிஃபோடு முழுப் பக்கமும் மாறும். ஆனால் விகிதம் மாறாது. சிறு முஸ்ஹஃபுக்கும் பள்ளிவாசல் சுவரில் ஓங்கி நிற்கும் எழுத்துக்கும் அதனதன் அளவு அதற்குள்ளேயே பிறக்கிறது. அலிஃபை நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு ஒப்பிடுவதும் நம் மரபில் உண்டு. தொழுகையில் நிற்பவன் அலிஃப், குனிபவன் தால், ஸஜ்தாவில் இருப்பவன் மீம். மூன்றும் சேர்ந்தால் ‘ஆதம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்லில் செதுக்காத மனித உருவத்தை நாம் ஒவ்வொரு ரக்அத்திலும் உடலால் எழுதுகிறோம்.

இப்னு முக்லாவின் முடிவு துயரமானது. அரசியல் பகையில் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது, சிறையில் இறந்தார். வெட்டுண்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கை போனது; கணக்கு நின்றது. இப்னுல் பவ்வாப், யாகூத் அல்முஸ்தஃஸிமி ஆகியோர் வழியாக அது வளர்ந்து, இன்று மத்ரஸாவில் அலிஃப் எழுதப் பழகும் பிள்ளையின் பலகை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

பார்வையைப் பற்றிப் பெருநூல் எழுதிய இப்னுல் ஹைஸம் (இறப்பு கி.பி. 1040 அளவில்), அழகு எதனால் தோன்றுகிறது என்று ஆராயும்போது முகத்தையும் எழுத்தையும் அருகருகே எடுத்துக்கொள்கிறார். ஒவ்வோர் உறுப்பும் தனியே அழகாயிருந்தாலும், ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் முகம் அழகாவதில்லை. எழுத்தும் அப்படியே என்பது அவர் கண்ட முடிவு.

கண்ணுக்குச் சரி, கணக்குக்குத் தவறு

பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (கி.பி. 940–998), கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கணித அறிஞர்களும் கைவினைஞர்களும் ஒன்றாக அமர்ந்த ஒரு கூட்டத்தைப் பற்றி அதில் கூறுகிறார். மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது அங்கே எழுந்த கேள்வி. ஓடு பதிப்போருக்கும் மரவேலை செய்வோருக்கும் அன்றாடம் வரும் சிக்கல் அது. கைவினைஞர்கள் சில வழிகளைக் காட்டினார்கள். அவற்றில் சில பார்வைக்குச் சதுரமாகவே தோன்றின. ஆனால் கணக்கிட்டால் சதுரம் அன்று. கணித அறிஞர்களோ பக்கத்தின் நீளத்தை நிரூபிக்க வல்லவர்கள். ஆனால் கத்தியை எங்கே வைப்பது என்று சொல்ல அறியாதவர்கள். அபுல் வஃபா இரு சாராரின் குறையையும் எடுத்துக்கூறி, வெட்டவும் கூடிய, நிரூபிக்கவும் கூடிய வழியைத் தந்தார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்தப் பாடம் நம் கைப்பேசிச் செய்திக்கும் பொருந்தும். 1.625-ஐ 1.618 என்பது கண்ணுக்குச் சரி, கணக்குக்குத் தவறு. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும்போது அந்தத் தவறின் எடை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

சதுரம் வட்டமாகும் இடம்

சிற்பியும் நம் கட்டடக் கலைஞரும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. மண்டபத் தூண் அடியில் சதுரமாக இருக்கும்; மேலே எட்டுப்பட்டையாகும்; சில தூண்களில் பதினாறு பட்டையாகி வட்டத்தை நெருங்கும். சதுரத்திலிருந்து எட்டுப்பட்டை எடுப்பதற்குக் கயிறு போதும். மூலைவிட்டத்தின் பாதியை அளந்து, நான்கு மூலைகளிலிருந்தும் பக்கங்களில் குறித்தால் எட்டுப் புள்ளிகள் விழும்; மூலைகளைச் சீவினால் பிசகாத எண்கோணம். குவிமாடத்தை ஏற்றுபவருக்கும் இதே சிக்கல்தான். கீழே சதுர அறை. மேலே வட்டக் கூரை. இடையில் எண்கோணம் வந்து இரண்டையும் இணைக்கிறது. பீஜப்பூரில் 1656-இல் நிறைவுற்ற கோல் கும்பஸில், ஒன்றின் மேல் ஒன்று திருப்பி வைத்த இரண்டு சதுரங்களின் கோடுகளில் வளைவுகள் எழுந்து, எட்டுமுனை வடிவமாகப் பின்னி, ஏறத்தாழ 44 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன.

தமிழகத்துப் பழம்பள்ளிகளில் இந்தச் சந்திப்பை இன்னும் தெளிவாகக் காணலாம். திருச்சி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கல்லுப்பள்ளி, அங்குள்ள அரபுக் கல்வெட்டைக் கொண்டு ஹிஜ்ரி 116-ஐ (கி.பி. 734) சேர்ந்தது எனக் கூறப்படுகிறது. அது கல் தூண்கள் தாங்கும் மண்டபம். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 17-ஆம் நூற்றாண்டு ஜும்ஆப் பள்ளியும் திராவிடக் கட்டட முறையில் எழுந்ததே. பூவும் கொடியும் பட்டையும் இருக்கின்றன. உயிர் உருவம் இல்லை. உளி பிடித்த கையின் அளவு அறிவை நம் முன்னோர் ஏற்றார்கள். தவிர்க்க வேண்டியதைத் தவிர்த்தார்கள். முக்கொம்பில் ஒரே நீர் இரு கிளையாகப் பிரிந்து வெவ்வேறு வயல்களுக்குப் பாய்வது போன்றதே இதுவும்.

பள்ளிவாசலில் உடலின் அளவு

நம் பள்ளிவாசல்களின் அளவுகளும் மனித உடலிலிருந்தே பிறக்கின்றன. தோளோடு தோள் நிற்கும் அகலமும், ஸஜ்தாவில் நெற்றி படியும் தொலைவும் சேர்ந்துதான் ஒரு ஸஃபின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஸஃபை நேராக்குவதில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய கண்டிப்பை ஹதீஸ் நூல்கள் விரிவாகப் பதிந்திருக்கின்றன. ஃபித்ரா தானியத்தின் அளவான ஸாஉ என்பது நான்கு முத்து. முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு.

ஹவுளைப் பாருங்கள். ஹனஃபி சட்டத்தில் பத்துக்குப் பத்து முழம் உள்ள ஹவுள் பெரிய நீர்நிலையாகக் கொள்ளப்படும். அதில் அசுத்தம் விழுந்தாலும், நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை நீர் தூய்மையானதே. இன்றைய கணக்கில் அது 15 அடிக்கு 15 அடி, 225 சதுர அடி. சரி, ஹவுள் வட்டமாக இருந்தால்? சுற்றளவு 36 முழம் இருக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் கூறினார்கள். நூறு சதுர முழப் பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டால் 35.45 முழம் வருகிறது. அவர்கள் அதை முழு எண்ணாக்கிப் பேணுதலின் பக்கம் நிறுத்தினார்கள். மேலும் பேணுதலாக 48 முழம் என்ற கருத்தும் உண்டு. உளூச் செய்யப் போகும் எளிய மனிதருக்காக, வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டுத் தந்தவர்கள் நம் ஃபுகஹாக்கள். மார்க்கத்துக்கும் வடிவியலுக்கும் உள்ள உறவுக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு வேண்டுமா?

கிப்லாவும் அவ்வாறே. திருச்சியிலிருந்து கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை சாய்ந்தது. இந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கவே நம் அறிஞர்கள் கோள வடிவியலை வளர்த்தார்கள். கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காக, ஊர்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நிர்ணயிப்பது பற்றி அல்பீரூனி ஒரு தனி நூலே எழுதினார். கஃபாவைப் பற்றிய உண்மையான கணிதம் வேண்டுமென்றால் அது இங்கே இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

அளவும் நீதியும்

ஒவ்வொரு பொருளையும் படைத்து அதற்குரிய அளவையும் அமைத்தவன் அல்லாஹ் என்று அல்ஃபுர்கான் அத்தியாயம் கூறுகிறது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அளவு என்பதே அங்கே பேசப்படுவது; எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பது அன்று. தென்னோலையை மடித்த சிற்பியும் நுக்தாவை அடுக்கிய காத்திபும் நடைமுறையில் கண்டதும் இதையே.

மனிதன் மிக அழகிய அமைப்பில் படைக்கப்பட்டான் என்பதை அத்தீன் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அல்இன்ஃபிதார் அத்தியாயமோ, மனிதனைப் படைத்து ஒழுங்குபடுத்திச் சமன் செய்த இறைவனை அவனுக்கு நினைவூட்டுகிறது. ‘சமன் செய்தான்’ என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல்லின் வேர், நீதியைக் குறிக்கும் ‘அத்ல்’ என்பதன் வேரேதான். உடலின் விகிதமும் தீர்ப்பின் நேர்மையும் அரபு மொழியில் ஒரே குடும்பம். அந்த அத்தியாயத்தை அடுத்து முஸ்ஹஃபில் வருவது எது தெரியுமா? அல்முதஃப்ஃபிஃபீன்: அளவிலும் நிறையிலும் மோசடி செய்பவர்களை எச்சரிக்கும் அத்தியாயம்.

தன் உடலில் அளவைப் பெற்றவன் பிறருக்கு அளந்து கொடுப்பதில் குறை வைக்கக் கூடாது என்ற பாடத்தை இந்த வரிசையிலிருந்து நாம் பெறலாம். துணிக்கடையில் முழம் போடும் கையும், மளிகைக் கடையில் தராசைப் பிடிக்கும் கையும், மனையைச் சங்கிலியிட்டு அளக்கும் கையும் இதில் அடங்கும். சரிபாராத கணக்கொன்றை ‘அற்புதம்’ என்று பிறருக்கு அனுப்பும் கையும் அடங்கும்; அறிவில் குறைத்து அளப்பதும் குறைத்து அளப்பதே.

ஆகவே, அடுத்த முறை அத்தகைய செய்தி வரும்போது பிள்ளைகளிடம் ஒரு கவராயத்தையும் அளவுகோலையும் கொடுங்கள். வட்டம் வரையச் சொல்லுங்கள். சதுரத்திலிருந்து எண்கோணம் எடுக்கச் சொல்லுங்கள். ஏழு நுக்தா அடுக்கி ஓர் அலிஃப் எழுதச் சொல்லுங்கள். கை பழகினால் கண் திறக்கும். அண்டை வீட்டாரின் கலையை ஏளனமின்றிப் பார்க்கவும், நம்முடையதைப் பொய்யின்றி நேசிக்கவும் அந்தக் கண் உதவும்.

நம்மை அளவோடு படைத்த அல்லாஹ், நம் சொல்லிலும் செயலிலும் கொடுக்கல் வாங்கலிலும் அளவு தவறாமல் வாழ நல்லருள் புரிவானாக. ஆமீன்.